படகு ஓடுமா என்று சொல்ல அனுமதி

1

அரசாங்க அலுவலகமொன்றுக்கு வரும் கடிதத்துக்குத் தாமதமின்றிப் பதில் எழுத வேண்டும். உடனே முடிவு சொல்ல முடியாவிட்டால், கடிதம் கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது என்று ஓர் இடைக்காலப் பதிலாவது அனுப்பிவிட்டு, அந்தக் கடிதக் கோவையில் அடுத்த திகதியைக் குறித்து வைக்க வேண்டும். எழுதுவினைஞராகச் சேர்ந்த முதற் கிழமையில் எனக்கு இதைத்தான் சொல்லித் தந்தார்கள். நிர்வாக உத்தியோகத்தராக ஓய்வுபெறும் நாள்வரை, புதிதாக வந்தவர்களுக்கு நானும் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். விதியில் குறை ஒன்றுமில்லை.

இந்தக் கிழமையோடு நானும் மனைவியும் நோர்வேக்கு வந்து ஒன்பது வருடம். மகன் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறோம். ஒவ்வொரு வருடமும் நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒரு படிவத்தில் கையொப்பம் வாங்கி இலங்கைக்கு அனுப்புகிறேன். அதற்குப் பதில் வருவதில்லை. ஓய்வூதியம் வருகிறது. அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன்.

வந்த புதிதில் இங்குள்ள நகரசபைக்கு, முதியோர் பேருந்து அட்டை கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் எழுதிய நோர்வே மொழிக் கடிதம். தொடக்கத்தில் 'தங்கள் மேலான கவனத்துக்கு' என்றும், முடிவில் 'என்றும் தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்றும் எழுதியிருந்தேன். நான்காம் நாள் அங்கிருந்து ஒரு பெண் மகனுக்குத் தொலைபேசி எடுத்தாள். உங்கள் அப்பா வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறாரா, யாராவது அவரை மிரட்டுகிறார்களா என்று விசாரித்தாள். அட்டை அடுத்த நாளே வந்தது. என்னை முதற்பெயர் சொல்லி அழைத்து, நல்ல பயணம் என்று வாழ்த்தியிருந்தார்கள். கீழே எவருடைய கையொப்பமும் இல்லை. அந்த அட்டை செல்லுபடியாகுமா என்று இன்றைக்கும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

2

வீட்டிலிருந்து இருபது நிமிடம் நடந்தால் படகுத்துறை. ஒவ்வொரு முற்பகலும் போகிறேன். பெரிய வெள்ளைப் படகு குறித்த நிமிடத்தில் வந்து வாயைத் திறக்கும். வாகனங்கள் உள்ளே போகும். வாயை மூடிக்கொண்டு புறப்படும். ஒன்பது வருடத்தில், இன்றைக்குப் படகு ஓடுமா என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டு நான் கேள்விப்படவில்லை. கேட்கத் தேவையில்லாதபடியால் யாரும் யாரோடும் கதைப்பதும் இல்லை.

நான் நெடுந்தீவில் பிறந்தவன். அங்கே நாள் அந்தக் கேள்வியோடுதான் விடியும். எதிர்க்கரைத் துறையான குறிகட்டுவானுக்குப் போகும் படகு ஓடினால் ஆசிரியர் வருவார், பாண் வரும், தபால் வரும், நோயாளி யாழ்ப்பாணம் போவார். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று கடுமையாக எழும்பினால் இவை ஒன்றும் நடவாது. ஆகையால் எங்கள் ஊரில் எந்த வாக்குறுதிக்கும் பின்னால் "படகு ஓடினால்" என்று ஒரு பின்னிணைப்பு இருக்கும். கலியாணப் பத்திரிகையில் மட்டும் அதை அச்சடிப்பதில்லை.

இந்தக் கேள்வியைத்தான் என் தங்கையின் மகள் நிரோஜா தொழிலாக்கினாள்.

3

நிரோஜா யாழ்ப்பாணத்தில் பட்டம் எடுத்தவள். பட்டதாரிகளுக்கான அரச நியமனத்துக்கு விண்ணப்பித்துவிட்டு நெடுந்தீவில் தாயோடு காத்திருந்தாள். காத்திருந்த காலத்தில் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு இறங்குதுறைக்குப் போகத் தொடங்கினாள். காலை ஆறரைக்கு ஒரு காணொளி. காணொளிச் சனலின் பெயர் "இண்டைக்குப் படகு ஓடுமோ". முதல் வசனத்திலேயே விடையைச் சொல்லிவிடுவாள்: "வணக்கம், இண்டைக்குப் படகு ஓடும்." அல்லது, "ஓடாது, திரும்பிப் படுங்கோ."

அதன்பிறகு ஏறுகிறவர்களையும் ஏற்றப்படுகிறவற்றையும் காட்டுவாள். எரிவாயு உருளைகள், மோட்டார் சைக்கிள், கால் கட்டிய ஆடு. ஒருநாள் நான்கு பேர், முதல்நாள் பின்னேரம் வந்த ஒரு புது அலுமாரியைப் படகிலிருந்து இறக்கப் படாத பாடு பட்டார்கள். நிரோஜா பக்கத்தில் நின்று சொன்னாள்:

"இது மேற்கில ஒரு வீட்டை போகுது. அந்த வீட்டில கலியாணம் எண்டு நான் சொல்லேல்லை. அலுமாரி சொல்லுது."

தொரொன்ரோவிலும் பாரிசிலும் இருக்கிற நெடுந்தீவார் எல்லோரும் பார்த்தார்கள். அந்தச் சிவப்புச் சேட்டு என் மச்சான், கடன் வாங்கிப்போட்டு ஒளித்துத் திரிகிறான் என்று ஒருவர் இலண்டனிலிருந்து எழுதினார். மச்சான் அடுத்த நாள் நீலச் சேட்டோடு வந்தார். என் மனைவி காலைக் கோப்பியோடு தவறாமல் பார்ப்பாள். யாழ்ப்பாணத்திலிருந்து தீவு அலுவலகங்களுக்கு வந்துபோகும் உத்தியோகத்தர்களும் பார்த்தார்கள். "ஓடாது" என்று அவள் சொன்னால், பேருந்து ஏறாமல் வீட்டிலேயே நிற்கலாம்.

விளம்பரங்களால் வருமானமும் வந்தது. அதில் தங்கைக்குக் கண் சத்திரசிகிச்சை முடிந்தது. வீட்டுக்கு ஒரு தண்ணீர்த் தாங்கியும் வந்தது. அப்படியிருக்கும்போதுதான் நியமனக் கடிதமும் வந்தது. தீவுப் பகுதியில் ஓர் அலுவலகம். எது என்று எழுதப்போவதில்லை. எனக்கு இன்னும் ஓய்வூதியம் வருகிறது.

நிரோஜா போகமாட்டேன் என்றாள். தங்கை பரமேஸ்வரி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். ஒரே அழைப்பில் மூவரும் கதைத்தோம்.

"அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. உங்கட சொல்லைத்தான் கேப்பாள்."

"மாமா, எனக்கு உத்தியோகம் இருக்குத்தானே," என்றாள் நிரோஜா. "விடிய எழும்பிப் போறன், வேலை செய்யிறன், சனம் பாக்குது."

"உதுக்குப் பேர் உத்தியோகமே? உத்தியோகம் எண்டா நியமனக் கடிதம் இருக்க வேணும். உனக்கு ஆர் தந்தது கடிதம்?"

"ஒருத்தரும் தரேல்லை, அம்மா. அதால ஒருத்தராலும் பறிக்கவும் ஏலாது."

"வீடியோக்காரியை ஆரடி கலியாணம் செய்வான்?"

"படகைப் பாக்கிறவன் ஆரும் இருப்பான்."

நான் இருவரையும் அமைதிப்படுத்தி நடுவழி ஒன்று சொன்னேன். காணொளி எடுப்பது ஆறரைக்கு. அலுவலகம் தொடங்குவது எட்டரைக்கு. நேரத்தில் மோதல் இல்லை. அரச உத்தியோகத்தர் வேறு வழியில் வருமானம் பெறுவதானால் முன் அனுமதி வேண்டும் என்பது விதி. வேலையை ஏற்றுக்கொண்டு, உரிய வழியாக அனுமதியைக் கேட்டால் இரண்டும் இருக்கும்.

நிரோஜா அந்த விதியை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "சனலை விடச் சொல்லாமல் இருந்தாச் சரி, மாமா. நீங்கள் சொல்லுறபடி செய்யிறன்," என்றாள்.

4

கடிதத்தை நான்தான் சொன்னேன். அவள் அங்கே தட்டச்சுச் செய்தாள். தலைப்பு: அலுவலக நேரத்துக்கு வெளியே படகுச் சேவை தொடர்பான காணொளிகளை இணையத்தில் வெளியிடுவதற்கு முன் அனுமதி கோரல். மூன்று பக்கம், நான்கு இணைப்புகள். அலுவலகத் தலைவர் ஊடாக, மாவட்டம் ஊடாக, கொழும்புக்கு. ஒரு கால்புள்ளிக்குக்கூட எவரும் விளக்கம் கேட்கமுடியாத கடிதம்.

கடைசிப் பந்தியில் ஒரு வசனம் சேர்த்தேன்: "அனுமதி கிடைக்கும்வரை மேற்படி செயற்பாட்டில் ஈடுபடமாட்டேன் என இத்தால் உறுதியளிக்கிறேன்."

"மாமா, இந்த வசனம் வேணுமே?"

"அதுதான் பிள்ளை கடிதத்தின்ர முதுகெலும்பு. நீர் விதியை மதிக்கிறீர் எண்டு அதில தெரியும். ரெண்டு கிழமையில பதில் வந்திடும்."

"வராட்டில்?"

"இடைக்காலப் பதிலாவது வரும். விதி இருக்கு."

அவள் வேலையில் சேர்ந்த கையோடு, கார்த்திகை மாதத்தில் கடிதம் போனது. அதற்கு அடுத்த நாள் நிரோஜா ஒரு சின்னக் காணொளி போட்டாள். "வணக்கம். இண்டைக்குப் படகு ஓடும். நாளையிலயிருந்து நான் ஓடேல்லை. அனுமதி கேட்டிருக்கிறன். வந்தோடன வாறன்." அவ்வளவுதான். பின்னால் படகு புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது.

5

அலுவலகத் தலைவர் நல்ல மனிதர். கடிதம் கைக்குப் போன அன்றே அவளைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இதை ஏன் எழுத்தில தந்தனீர்?"

"மாமா சொன்னவர், ஐயா."

"மாமா என்ன செய்யிறார்?"

"இளைப்பாறிப்போட்டார். நிர்வாக உத்தியோகத்தரா இருந்தவர்."

"அதுதானே பாத்தன். பிள்ளை, இஞ்ச ஒருத்தர் ரியூசன் குடுக்கிறார். ஒருத்தர் கோழி வளக்கிறார். மற்றவர் கலியாண வீடுகளில படம் எடுக்கிறார். ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை. நீரும் பேசாமல் இருந்திருந்தா நானும் பேசாமல் இருந்திருப்பன். இப்ப எழுத்தில தந்திட்டீர். உறுதிமொழி வேற. நான் மேல அனுப்பத்தான் வேணும்."

இதை நிரோஜா எனக்குச் சொன்னபோது, அவர் நடைமுறை தெரியாதவர் என்று சொன்னேன்.

மார்கழி போனது. தைப்பொங்கல் போனது. முதலாவது நினைவூட்டல் கடிதம் எழுதினோம். பங்குனியில் இரண்டாவது, முதலாவதை நினைவூட்டி. சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு மூன்றாவது, முதல் இரண்டையும் நினைவூட்டி. எல்லாம் ஒழுங்காகப் பதிவுத் தபாலில் போயின.

இதற்கிடையில் யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் இளைஞன் பறக்கும் கமராவோடு வந்து நெடுந்தீவை மேலிருந்து படம் பிடித்துப் போடத் தொடங்கினான். கடல் நீலமாகத் தெரிந்தது. படகு ஓடுமா என்று மட்டும் தெரியவில்லை. இருந்தாலும் நிரோஜாவைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

என் மனைவி கோப்பியோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட கடிதத்தால எனக்கு விடியப் பாக்க ஒண்டும் இல்லாமல் போட்டுது."

"பதில் வரும்."

"முப்பத்தாறு வருசம் உங்களோட வேலை செய்ததுகள் எப்பிடித்தான் இருந்ததுகளோ."

மகன் இன்னும் மோசம். இங்கே ஒருவர் சொந்தத் தொழில் தொடங்குவதென்றால் இணையத்தில் ஒரு படிவம்தான் என்று தன் கணினியில் காட்டினான். ஒரு நண்பனுக்கு விண்ணப்பித்தபோது நான்கு நிமிடத்தில் பதில் வந்ததாம்.

"நாலு நிமிசத்தில ஆர் பரிசீலிச்சவை?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் பரிசீலிக்கேல்லை, அப்பா. ஏன் பரிசீலிக்க வேணும்? அவன் பாண் சுடப்போறான்."

ஆனி மாதத்தில் சோளகம் எழும்பியது. ஒருநாள் காலை ஆறு மணிக்கு அலுவலகத் தலைவரே நிரோஜாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர். இரண்டு நாள் குறிகட்டுவான்வரை பேருந்தில் வந்து, படகில்லாமல் திரும்பிப் போயிருந்தார்.

"பிள்ளை, இண்டைக்குப் படகு ஓடுமோ?"

"ஐயா, அனுமதி வரேல்லை."

"விளையாடாதையும். எனக்கு மட்டும் சொல்லும்."

"உங்களுக்கு மட்டும் சொன்னா அது வெளியிடுறதில சேருமோ எண்டு மாமாவிட்டக் கேட்டுச் சொல்லுறன், ஐயா."

பிறகு சொல்லியிருக்கிறாள். ஓடவில்லை. அவர் வீட்டில் நின்றார். இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். ஆனால் முன்பு படகுத்துறையில் சிரிப்பதுபோல இல்லை. அவளுடைய குரல் அலுவலகக் குரலாகிக்கொண்டு வந்தது. எனக்கு அந்தக் குரலைத் தெரியும்.

6

பன்னிரண்டு வயதுப் பேத்திக்குப் பாடசாலையில், அப்பப்பா என்ன வேலை செய்தார் என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். பாதி தமிழிலும் பாதி நோர்வே மொழியிலும் கேட்டாள். நான் கோவைகளைப் பற்றியும் பதிவேடுகளைப் பற்றியும் விளக்கினேன். அவள் எழுதியதை மகன் மொழிபெயர்த்து வாசித்தான்: "என் அப்பப்பா ஓர் அலுவலகத்தில் மற்றவர்களுடைய கடிதங்களைக் கவனமாக வைத்திருந்தார்."

திருத்தப் போனேன். திருத்த இடமில்லை.

நான் வேலையில் இருந்த காலத்தில், வேலணையைச் சேர்ந்த ஓர் எழுதுவினைஞர் என் கீழே இருந்தார். நல்ல குரல். தீவுப் பகுதித் திருவிழாக்களில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்வார். நாதஸ்வரக்காரரின் பெயரை அவர் சொன்னால், வாசிப்பதற்கு முன்பே சனம் கைதட்டும். பணம் வாங்கிக்கொண்டு அறிவிப்புச் செய்ய அனுமதி கேட்டு ஒருநாள் எனக்குக் கடிதம் தந்தார். கேட்காமல் செய்திருக்கலாம். விதியை மதிக்கிறவர், கேட்டார்.

அப்படி முன்னர் எவரும் கேட்டதில்லை. முன்னுதாரணம் இல்லாத கடிதத்தில் "ஆம்" என்று எழுதினால் நாளைக்கு என்னிடம் விளக்கம் கேட்பார்கள். "இல்லை" என்று எழுதினாலும் கேட்கலாம். நான் அதை ஒரு கோவைக்குள் வைத்து, கோவையை அலுமாரிக்குள் வைத்தேன். அவர் இரண்டு முறை ஞாபகப்படுத்தினார். பார்க்கிறேன் என்றேன். மூன்றாம் முறை கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அறிவிப்புச் செய்து நான் கேட்டதில்லை. ஒருவேளை நான் போகாத கோவில்களில் செய்திருக்கலாம் என்று நீண்ட காலம் எண்ணியிருந்தேன்.

ஆகையால் கொழும்பில் நிரோஜாவின் கடிதத்துக்கு என்ன நடக்கிறது என்று என்னை யாரும் கேட்கத் தேவையில்லை. எந்தத் தட்டில் இருக்கும் என்றுகூடச் சொல்லுவேன். இதை அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான்காவது நினைவூட்டலுக்கு வரைவு எழுதிக்கொண்டிருந்தேன்.

7

புரட்டாதி மாதத்தில் ஒரு சனிக்கிழமை நிரோஜா எடுத்தாள்.

"மாமா, நேற்று நான் கடிதம் குடுத்திட்டன்."

"நாலாவது நினைவூட்டலோ? நான் இன்னும் முடிக்கேல்லையே."

"இல்லை மாமா. விலகல் கடிதம்."

எனக்கு முதலில் வந்தது இதுதான்: "வரைவை எனக்கு அனுப்பேல்லையே, பிள்ளை?"

"ஒரு வசனம்தான், மாமா. பிழை விட இடமில்லை."

வேலை அவ்வளவு கஷ்டமா என்று கேட்டேன்.

"வேலை கஷ்டமில்லை. ஐயாவும் நல்லவர். ஏலாது எண்டு அவங்கள் சொல்லியிருந்தாலும் சண்டை பிடிச்சிருப்பன், இல்லாட்டி அழுதுபோட்டு இருந்திருப்பன். பத்து மாசமா ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. நான் இப்பவும் ஆறு மணிக்கு எழும்பிறனான், மாமா. எழும்பிக் கடலைப் பாப்பன். ஓடுமோ ஓடாதோ எண்டு பாத்தவுடன தெரியும். தெரிஞ்சுகொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறன். அதுதான் ஏலாது."

மேசையிலிருந்த நான்காவது நினைவூட்டலின் வரைவை மடித்து வைத்தேன்.

"மாமா, கோவமே?"

"இல்லை. அந்த வசனத்தை நான் சேர்த்திருக்கக் கூடாது."

"எந்த வசனம்?"

"முதுகெலும்பு."

அவள் சிரித்தாள். இந்த முறை படகுத்துறைச் சிரிப்பு.

பிறகு வேலணை எழுதுவினைஞரின் கதையையும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அவற்ர பேர் என்ன, மாமா?" என்றாள். சொன்னேன். "விசாரிச்சுப் பாக்கிறன்," என்றாள். இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

விலகல் கடிதத்துக்கு மூன்றாம் நாளே ஏற்றுக்கொள்ளப்பட்டதென்று பதில் வந்தது. முன்னுதாரணம் நிறைய இருந்திருக்கும்.

தங்கை என்னோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டாள். வேலைக்குப் போகச் சொன்னதும் நான்தான், வேலை போனதும் என் கடிதத்தால்தான் என்பது அவள் வழக்கு. இரண்டு குற்றச்சாட்டும் சரி. ஆனால் நிரோஜா மறுபடி தொடங்கிய காலைக் காணொளியில் ஒருநாள், அவளுக்குப் பின்னால் குடையோடு ஒரு பெண் நின்று, "படகுக்காரத் தம்பி, அந்த மூட்டையை நனையாமல் வையும், வீடியோவில தெரியுது," என்று சத்தம் போட்டாள். அது தங்கைதான் என்று குரலை வைத்து மனைவி கண்டுபிடித்தாள்.

பழைய பார்வையாளர்களில் இன்னும் பாதிப்பேர் திரும்பவில்லை. இனி வருவார்களா என்று நிரோஜாவுக்கும் தெரியாது. அவளிடம் சம்பளப் பட்டியல் இல்லை, ஓய்வூதியம் இல்லை. ஒவ்வொரு நாளும் ஆறரைக்கு அவள் சொல்வது சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். முப்பத்தாறு வருடம் நான் செய்த வேலையில் அப்படியொரு கட்டாயம் இருந்ததில்லை.

8

இப்போது அவள் காலைப் படகு போவதையும் காட்டுகிறாள். அது குறிகட்டுவானிலிருந்து திரும்பி வருவதையும் காட்டுகிறாள். அலுவலகம் இல்லை, நேரம் இருக்கிறது.

கடந்த வெள்ளிக்கிழமை கோப்பியோடு பார்த்துக்கொண்டிருந்தோம். படகு வந்து அணைந்தது. சனம் இறங்கியது. தபால் பையைத் தூக்கிக்கொண்டு தபால்காரர் இறங்கினார். கமராவைக் கண்டதும் நின்றார்.

"நிரோஜாப் பிள்ளை, உமக்கும் ஒண்டு இருக்கு. அரசாங்கக் கடிதம். வீட்டை கொண்டுவரட்டோ, இஞ்சயே தரட்டோ?"

"இஞ்சயே தாங்கோ, அண்ணை. எல்லாரும் பாக்கட்டும்."

கபில நிற நீள உறை. அவள் அதைக் கிழித்து, கமராவுக்கு முன்னாலேயே வாசித்தாள். மேற்படி விடயம் தொடர்பான தங்கள் கடிதமும் மூன்று நினைவூட்டல்களும் கிடைக்கப்பெற்றன. தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. முடிவு பின்னர் அறிவிக்கப்படும்.

இடைக்காலப் பதில். விதிப்படி.

அவள் அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். படகிலிருந்து ஒரு கதிரைக் கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அது யார் வீட்டுக்கு என்று சொல்லத் தொடங்கினாள்.

காணொளி முடிந்த பிறகு தொலைபேசி எடுத்தாள். கடிதத்தைப் படம் பிடித்தும் அனுப்பியிருந்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கோவை இலக்கம் சரி. எங்கள் இலக்கத்தையும் குறிப்பிட்டிருந்தார்கள். கையொப்பம் இருந்தது, பதவி முத்திரை இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"மாமா, இதுக்குப் பதில் போட வேணுமோ?"

மனைவி கோப்பியை வைத்துவிட்டு என் வாயைப் பார்த்தாள்.

"வேண்டாம், பிள்ளை," என்றேன். ஒரு கடிதத்துக்குப் பதில் தேவையில்லை என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

பதில் வந்து சேர்ந்த திகதி: ஒக்டோபர் பதினேழு, வெள்ளிக்கிழமை. படகு ஓடியது.